மண்டபமும் மக்களும்

நெடுந்தீவில் காணிகளைச் சூழ்ந்து நிற்கும் மதில்களைக் கண்டோர் எளிதில் மறக்கமாட்டார். பவளக்கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள் அவை. இடையிலே சாந்து இல்லை. ஒரு கல் மற்றொரு கல்லைத் தாங்கி நிற்கின்றது. அங்குள்ள ஒல்லாந்தர் கோட்டையும் பவளக்கல்லாலேயே எழுந்தது.

அண்மையில் அம்மதிலொன்றின் அருகே நின்றபோது, என்னுடன் வந்த இளைஞர் ஊர்காவற்றுறைப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வெளிநாட்டு உறவினர் பணம் அனுப்ப ஆயத்தமாக இருக்கின்றனராம். "அண்ணை, நல்ல மண்டபம் ஒன்றைக் கட்டிவிட்டால் ஊர் தானாகக் கூடும்" என்றார். 1990-ஆம் ஆண்டை ஒட்டிய இடப்பெயர்வின் பின் கூரையிழந்து நிற்கும் எங்கள் வாசிகசாலை என் நினைவுக்கு வந்தது. நான் உடனே விடை கூறவில்லை. சென்னை விக்டோரியா பொது மண்டபத்தின் கதையை அவருக்குச் சொன்னேன்.

1882-ஆம் ஆண்டில் சென்னைப் பெருமக்கள் பச்சையப்பன் மண்டபத்திலே கூடினர். நகரத்துக்கெனப் பொது மண்டபம் ஒன்று வேண்டும் என்பதே அன்றைய பேச்சு. பின்னர், 1883 டிசம்பர் 17-ஆம் நாள் விசயநகரத்து அரசர் ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். செல்வந்தர் பலர் நன்கொடை ஈந்தனர். இராபர்ட் சிஷோம் வரைந்த அமைப்பை நம்பெருமாள் செட்டியார் செங்கற் கட்டடமாக எழுப்பினார். சதுரக் கோபுரத்தின் மேல் திருவிதாங்கூர்ப் பாணியிற் கூரை அமைந்தது. மகாராணி விக்டோரியாவின் 1887-ஆம் ஆண்டுப் பொன்விழாவை ஒட்டி அவர் பெயரே மண்டபத்துக்குச் சூட்டப்பெற்றது. ஆளுநர் கன்னிமாரா பிரபு அதனைத் திறந்துவைத்தார்.

பெயர் அரசியினுடையது, பயனோ மக்களுடையது. 1897-இல் விவேகானந்தர் அங்கே சொற்பொழிவாற்றினார். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபை அங்கே நாடகங்களை நடத்தியது. கூத்தாடுதலை இழிவென எண்ணிய காலத்தில், கற்றோரும் வழக்கறிஞரும் வேடம் புனைந்து மேடையேறினர். தமிழ் நாடகம் மதிப்புப் பெற்றமையில் அம்மண்டபத்துக்கும் ஒரு பங்குண்டு. பிற்காலத்தில் அது நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அண்மைக் காலத்தில் சென்னை மாநகராட்சி அதனைப் புதுப்பிக்கும் பணியை மேற்கொண்டது.

"தம்பி, ஒன்றைக் கவனித்தீரா? மண்டபம் எழுந்தபின் அவர்கள் கூடவில்லை. கூடியபின்னரே மண்டபம் எழுந்தது. கூடுவோர் இல்லாதபோது கோபுரம் உயர்ந்து நின்றும் அது பாழாயிற்று" என்றேன்.

"அப்படியென்றால் கட்டவே வேண்டாமோ?" என அவர் மனம் வாடிக் கேட்டார்.

கட்டத்தான் வேண்டும். ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் சிலவே, முதியோரே பலர். கல்யாணத்துக்கு மட்டும் திறந்து மற்ற நாள்களிற் பூட்டிக் கிடக்கும் மாளிகை அவர்களுக்கு எதற்கு? முதலில் வேப்பமர நிழலிலே நான்கு கதிரைகள் போடலாம். ஒரு பத்திரிகை வைக்கலாம். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லலாம். இரண்டு ஆண்டுகள் அது நிலைத்தால், எத்துணைப் பெரிய மண்டபம் வேண்டும் என்பதை ஊரே சொல்லும்.

இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. மதிலிலிருந்து உருண்டு கிடந்த கல்லொன்றை எடுத்து, அது பொருந்தும் இடத்தைத் தேடி வைத்தார். பின்னர், "எங்கள் வீட்டில் இரண்டு கதிரைகள் இருக்கின்றன அண்ணை" என்றார்.

மற்ற இரண்டும் என்னுடையவை.