இரவல் இசை

கதைக்கென்றே இசை அமைப்பது ஒரு முறை. முன்னரே அமைத்து வைத்த இசையை எடுத்துக் கதைக்குப் பொருத்துவது மற்றொரு முறை. இரண்டாவது முறையைச் சிலர் சிக்கனம் என்பர். சிலர் ஏமாற்று என்பர். இவற்றுள் எது சரி என்பதை மாணவ நண்பர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

தொலைக்காட்சி தோன்றிய தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீரசாகசத் தொடர்கதைகள் வாரந்தோறும் ஒளிபரப்பாயின. நம் நாட்டில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டில்தான் தில்லியில் தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975இல் பிறந்தது. ஆகவே அத்தொடர்களை அக்காலத்தில் நம்மவர் காண இயலவில்லை. வாரம் ஒரு கதை முடிந்தாக வேண்டும். கையிலிருந்த பணமோ சிறிது. ஒவ்வொரு வாரமும் வாத்தியக்காரர் பலரை அமர்த்திப் புதிய இசை பதிவு செய்ய இயலுமா? அதனால் தயாரிப்பாளர்கள் இசை நூலகத்தை நாடினார்கள்.

இசை நூலகம் என்பது யாது? புத்தக நூலகத்தில் நூல்கள் பொருள்வாரியாக அடுக்கப்பட்டிருப்பதுபோல், அங்கே இசைத் துண்டுகள் உணர்ச்சிவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். துரத்துதல், பதுங்குதல், புயல், வெற்றி, துயரம் என்று ஒவ்வொன்றுக்கும் சில துண்டுகள் உண்டு. எந்தக் கதை என்று அறியாமலே ஒருவர் அவற்றை இயற்றியிருப்பார். வேண்டியவர் வேண்டிய துண்டை எடுத்து, உரிய கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம். இசைத்தட்டின்மேல் ஊசியை எத்தனை முறை வைக்கிறோமோ அத்தனை முறைக்கும் கட்டணம் கணக்கிடும் வழக்கமும் இருந்தது. இத்தொழிலுக்கு மௌனப் படக் காலமே தாய். திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ஆம் ஆண்டில் படக்கருவி ஒன்றை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று படம் காட்டத் தொடங்கினார் அல்லவா? அதற்கு நான்கு ஆண்டுகளின் பின், 1909இல், இலண்டனில் டி வுல்ஃப் என்னும் நிறுவனம் இத்தகைய இசையைத் தொகுத்து வழங்கும் பணியைத் தொடங்கிற்று.

கட்டணமும் கொடுக்க இயலாதவர் பழம்பெரும் இசைமேதைகளிடம் இரவல் வாங்கினர். ‘லோன் ரேஞ்சர்’ என்னும் குதிரை வீரன் கதை 1933இல் டெட்ராய்ட் நகர வானொலியில் தொடங்கி, 1949இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அதன் முகப்பிசை, இத்தாலிய இசைமேதை ரொசினி 1829இல் அரங்கேற்றிய ‘வில்லியம் டெல்’ இசைநாடகத்தின் முன்னிசைப் பகுதி. ரொசினி குதிரை வீரனைக் கனவிலும் கண்டதில்லை. ஆயினும் அமெரிக்கச் சிறுவர் பலருக்கு அவ்விசையைக் கேட்டால் முகமூடி அணிந்த வீரனும் அவனுடைய வெள்ளைக் குதிரையுமே நினைவுக்கு வந்தன.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பி.பி.சி. 1963இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரில், 1966இல் ‘சைபர்மென்’ என்னும் இயந்திர மனிதர் முதன்முதல் தோன்றினர். அவர்களுக்கு இசை நூலகத்திலிருந்து மார்ட்டின் ஸ்லாவின் இயற்றிய ‘ஸ்பேஸ் அட்வென்ச்சர்’ என்னும் துண்டை எடுத்துப் பொருத்தினர். 1967இல் அவர்கள் மீண்டும் தோன்றிய இரு கதைகளிலும் அதே இசை ஒலித்தது. அவ்வளவில் அது அவர்களுடைய வருகையை அறிவிக்கும் எக்காளம் ஆகிவிட்டது. ஆனால் 1968இல் சைபர்மென் பங்கேற்காத வேறொரு கதையின் போர்க்காட்சிக்கும் அதே துண்டைப் பயன்படுத்தினார்கள்! நூலகத்துப் பொருள் எல்லோர்க்கும் பொது அன்றோ?

இரவல் இசைக்கு இவ்வாற்றல் எங்கிருந்து வந்தது? ஆசிரியப் பயிற்சியில் எமக்கு முதலில் கற்பித்த விதி ஒன்று உண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க. பழகிய இசை செவிக்குத் தெரிந்தது. புதிய கதை தெரியாதது. முன்னதைப் பற்றிக்கொண்டு மனம் பின்னதனுள் எளிதில் நுழைகிறது. இசை தான் முன்பு தங்கிய இடத்தின் நினைவையும் உடன் கொண்டு வருகிறது.

இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். தில்லை நகரில் என் வீட்டு மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். அங்கே எழுந்தருளியுள்ள தாயுமானவர் பெயரைத் தாங்கிய அருளாளர், பதினெட்டாம் நூற்றாண்டில் இத்திருச்சியில் நாயக்க மன்னரிடம் பணிபுரிந்தவர். அவர் பாடிய ‘ஆனந்தக் களிப்பு’ மக்கள் நாவில் ஊறிய சந்தம். பாரதியார் நாட்டுக் கொடியைப் போற்றித் ‘தாயின் மணிக்கொடி’ பாடியபோது அச்சந்தத்தையே எடுத்துக்கொண்டார். இறைவன்முன் ஆடிப் பாடிய களிப்பு, கொடியின்முன் ஆடிப் பாடும் களிப்பாயிற்று. புதிய தேசபக்திக்குப் பழைய பக்தி தோள் கொடுத்தது.

மற்றொரு சான்று இன்னும் கூர்மையானது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திர’த்தில், தில்லைக்குப் போக விடை கேட்ட நந்தனை அவனுடைய ஆண்டையான வேதியர் இழித்துரைக்கும் பாட்டு ஒன்று வரும். சுயராஜ்யம் கேட்ட இந்தியனை ஆங்கில அதிகாரி இழித்துரைப்பதாகச் சுப்பிரமணிய பாரதியார் பாடியபோது, அந்த வேதியரின் மெட்டையே அதிகாரியின் வாயில் வைத்தார். மெட்டைக் கேட்டவுடனே, அதிகாரி யார், இந்தியன் யார் என்பது விளங்கிவிடும். நந்தன் முடிவில் தில்லையை அடைந்தான் என்பதும் கேட்போர் நினைவுக்கு வரும். சொல்லாமலே சுயராஜ்யம் உறுதி என்று சொல்லியாயிற்று! இதனை ஏமாற்று என்று யார் சொல்வார்?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பாரதியார் அப்பாட்டுகளின் தலைப்பில், இன்னாருடைய சந்தம், இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று வெளிப்படையாகக் குறித்தார். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் இவ்வழக்கத்தைக் காணலாம். ஒரே வரிதான், ஆனால் அதில் மெட்டுக்கு உரியவரின் கடன் தீர்க்கப்படுகிறது.

தொலைக்காட்சித் தொடர்களில் இக்கடன் பெரும்பாலும் தீர்க்கப்படவில்லை. நூலக இசையை இயற்றியவருக்குப் பணம் சேர்ந்திருக்கலாம். பெயர் திரையில் வருவது அரிது. புதிதாகச் செய்த இசைக்கும் இக்கதி நேர்ந்ததுண்டு. ‘டாக்டர் ஹூ’வின் முகப்பிசையை ரான் கிரெயினர் எழுதினார். அதனை மின்னொலிகளால் துண்டு துண்டாக நாடாவில் ஒட்டி உருவாக்கியவர் டெலியா டெர்பிஷயர் என்னும் பெண்மணி. அவருடைய பெயர் அத்தொடரின் திரையில் 2013ஆம் ஆண்டில்தான் இடம்பெற்றது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே அவர் மறைந்துவிட்டார்.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். இன்று கைபேசியில் குறும்படம் எடுக்கும் மாணவர் ஒவ்வொருவரும் இசை நூலகத்தின் வாடிக்கையாளரே. என்னிடம் தம் குறும்படத்தைக் காட்ட வரும் கல்லூரி மாணவரிடம் இரண்டு வினாக்களைக் கேட்பது என் வழக்கம். இந்த இசையை ஏன் இங்கே வைத்தீர்? இது யாருடையது? முதல் வினாவுக்கு உற்சாகமாக விடை வரும். இரண்டாவதற்கு, “இணையத்தில் கிடைத்தது, ஐயா” என்பார்கள். கிடைத்தது என்பது இடத்தைச் சொல்லுமேயன்றி உரியவரைச் சொல்லாது.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. திரைப்படப் பாட்டு திரையரங்கிற்கு வெளியே பயன்படும்போது பாட்டாசிரியரும் இசையமைப்பாளரும் அதற்குரிய தொகையில் பங்கு பெற 2012இல் செய்த திருத்தம் வழிவகுத்தது. சட்டம் பணத்தைக் காக்கும். பெயரைக் காப்பது நம் பழக்கத்தையும் பொறுத்தது. ஆகவே இசையை எடுத்தாளுங்கள். அதற்கு உரிமை உண்டா என்று முதலில் பாருங்கள். உங்கள் காட்சிக்கு அது எந்த நினைவைக் கொண்டு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பின்னர்ப் படத்தின் முடிவில், பாரதியார் தம் பாட்டின் தலைப்பில் எழுதியதுபோல், அதனை இயற்றியவர் இன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள்.