மாறியதை மட்டும் மாற்றுவோம்

அரிசி மண்டியின் வாசலில் தொங்கும் விலைப் பலகையை வணிகப் பெருமக்கள் அனைவரும் அறிவார்கள். பொன்னி விலை ஏறினால் அந்த ஒரு வரியை மட்டும் ஈரத்துணியால் துடைத்து எழுதுவார்கள். பலகை முழுவதையும் அழித்தால், எழுதி முடிக்கும் வரை வந்தவர்கள் விலை தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை நமது கடைகள் பலவற்றில் இன்று கம்ப்யூட்டர் திரை வந்துவிட்டது. சரக்கின் பெயர், விலை, இருப்பு எல்லாம் அதில் வரிசையாகத் தெரிகின்றன. ஆனால் சில புரோகிராம்கள் ஒவ்வொரு பில்லுக்கும் பட்டியல் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடியும் நிரப்புகின்றன. சரக்கு குறைவான கடையில் இது தெரியாது. 2,000 சரக்கும் இரண்டு பில்லிங் மேஜையும் உள்ள கடையில், சம்பள வாரத்துக் கூட்டத்தில் நன்றாகத் தெரியும். திரை ஒரு கணம் வெளுக்கும். பட்டியல் முதல் வரிக்குத் தாவும். துவரம்பருப்பைத் தொடப் போன பையன் கடலைப்பருப்பைத் தொட்டுவிடுவான். பில் தவறினால் சில ரூபாயோடு கடையின் நாணயமும் போகும்.

மாறிய வரியை மட்டும் மாற்றுவதே இதற்கு வழி. ஒரு பட்டியலில் நடக்கக்கூடியவை நான்குதான்: புதுச் சரக்கு சேரும், பழையது நீங்கும், விலையோ இருப்போ மாறும், வரிசையில் இடம் மாறும். இவற்றில் எது நடந்தது என்பதை மட்டும் திரைக்குச் சொன்னால் போதும்.

1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை திரை வழியாகப் பங்கு வணிகத்தைத் தொடங்கியது. அதுவரை பெரும்பாலும் தரகர்கள் ஒரே கூடத்தில் கூடிக் கூவித்தான் வாங்கி விற்றனர். செயற்கைக்கோள் இணைப்பு மூலம் பல ஊர்த் தரகர்களின் திரைகளுக்கு விலை வந்தது. இத்தகைய திரையில் விலை மாறிய பங்கின் எண் மட்டுமே மாறும். மற்ற வரிகள் நின்ற இடத்தில் நிற்கும்.

நமது கடைக்கு இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஒவ்வொரு சரக்குக்கும் தனிக் குறியீட்டு எண் வேண்டும். 5-ஆவது வரியை நீக்கினால் 6-ஆவது வரி 5 ஆகிவிடும். வரியை எண்ணி மாற்றும் புரோகிராம் அடுத்த மாற்றத்தை வேறு சரக்கின் மேல் போட்டுவிடும். ரேஷன் வரிசையில் நிற்கும் இடம் மாறும், கார்டு எண் மாறாது அல்லவா?

இரண்டாவது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தொடர் எண் வேண்டும். பில் புத்தகத்தில் 41-க்கு அடுத்து 43 இருந்தால் 42 எங்கே என்று தேடுகிறோம். மின்தடையால் ஒரு மாற்றம் விடுபட்டால், அப்போது மட்டும் முழுப் பட்டியலையும் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கடைசிப் பாக்கெட்டை இரண்டு மேஜையிலும் ஒரே நேரத்தில் பில் போட நேரலாம். அப்போது திரையில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. இருப்புக் கணக்கு ஒரே இடத்தில் இருந்து, அங்கே கழித்த பிறகே பில் வர வேண்டும். அந்தக் கணக்கையும் அவ்வப்போது குடோன் இருப்போடு சரிபார்க்க வேண்டும்.

புரோகிராம் வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு மேஜையில் பட்டியலின் நடுப்பகுதியைத் திறந்து வைத்து, மற்ற மேஜையில் அங்கே தெரியும் சரக்கு ஒன்றுக்குப் பில் போடச் சொல்லுங்கள். பட்டியல் அசையாமல் அந்த ஒரு எண் மட்டும் மாறினால், பணம் கொடுக்கலாம்.