மைக்கேல் சூசைராஜ்: இடது ஓரத்தில் ஒரு கடற்கரை ஆட்டக்காரர்

இந்தியக் கால்பந்தின் உயர் நிலைக்குச் சென்ற இத்தலைமுறைத் தமிழ் ஆட்டக்காரர்களுள், இடக்காலின் நேர்த்திக்காகவும் பந்தோடு விரையும் வேகத்துக்காகவும் அறியப்பட்டவர், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் உள்ள இரவிபுத்தன்துறை என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ். 1994 அக்டோபர் 30 அன்று பிறந்த இவர் மூன்று ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டு அணியொன்றிலிருந்து இந்திய அணி வரை உயர்ந்ததையும், ஒரே ஆட்டத்தின் முதல் கால் மணி நேரத்தில் முழங்கால் காயத்துக்கு ஆளாகி ஒரு பருவம் முழுவதையும் இழந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான், தமிழ்நாட்டில் கால்பந்தைத் தொழிலாகக் கொள்வது எத்தகைய வாழ்க்கை என்பது விளங்கும்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று கேரள எல்லை வரை நெருக்கமாக அமைந்த கடற்கரை ஊர்களின் வரிசையில் இரவிபுத்தன்துறையும் ஒன்று. இவ்வூர்களின் ஆண்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதற்காக வாரக்கணக்கில் கரை திரும்பாமல் தொழில் செய்பவர்கள். இவ்வூர்களின் சிறுவர்களுக்கோ மணலே ஆடுகளம், கிரிக்கெட்டைவிடக் கால்பந்தே முதல் ஆட்டம். தென்காசி வட்டாரத்து வாசகர்களுக்கு இக்கடற்கரை தொலைவானதாகத் தோன்றலாம். ஆனால் தென்காசியை அடுத்த செங்கோட்டையும் இக்கடற்கரை அடங்கிய விளவங்கோடும் 1956 நவம்பர் 1 வரை ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தவையாக இருந்து, ஒரே நாளில் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தவை. அன்று வரையப்பட்ட எல்லை கால்பந்தைத் தடுத்துவிடவில்லை. 1973-இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை, அதாவது மாநில அணிகளுக்கிடையிலான தேசியப் போட்டியை, வென்றபோது அவ்வணியைப் பயிற்றுவித்தவர், 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய தமிழரான சைமன் சுந்தரராஜ். குமரிக் கடற்கரையிலும் மலையாளக் கரையின் கால்பந்து ஆர்வமும் தமிழ்க் கரையின் கால்பந்து ஆர்வமும் ஒன்றோடொன்று கலந்தே வளர்ந்தன. சூசைராஜின் வீட்டிலும் அவர் ஒருவர் மட்டும் ஆட்டக்காரர் அல்லர். சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை வீரரே.

சூசைராஜுக்குக் கதவைத் திறந்தது சென்னை சிட்டி என்னும் அணி. இந்தியாவில் அப்போது ஐ-லீக், 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் என இரண்டு பெரிய தொடர்கள் இருந்தன. முன்னது பழைய தேசியத் தொடரின் வழிவந்தது, பின்னது பெருநிறுவன முதலீட்டோடும் வெளிநாட்டு நட்சத்திரங்களோடும் நடத்தப்பட்டது. 2017 சனவரியில் ஐ-லீகில் நுழைந்த சென்னை சிட்டிக்காக இடது ஓரத்தில் ஆடிய சூசைராஜ், எதிரணியின் தடுப்பாளர்களைத் தாண்டிச் செல்லும் துணிவால் விரைவில் அவ்வணியின் முதன்மை வீரராகவும் தலைவராகவும் ஆனார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தூத்தூர் வட்டாரத்து மீனவர்களைப் பெருந்தொகையாகப் பலிகொண்டபோது, அந்த ஆண்டின் ஐ-லீக் தொடங்கியிருந்தது. ஊரெல்லாம் துக்கத்தில் மூழ்கியிருந்த அந்த மாதங்களில்தான் இவருடைய ஆட்டம் இந்தியா முழுவதும் கவனிக்கப்பட்டது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

2018-இல் சூப்பர் லீகின் ஜாம்ஷெட்பூர் அணி இவரை ஒப்பந்தம் செய்தது. சென்னையிலேயே சென்னையின் எஃப்.சி. என்ற சூப்பர் லீக் அணி இருந்தும், குமரியின் வீரர் ஒருவர் வாய்ப்புத் தேடிச் சார்க்கண்டின் எஃகு நகரத்துக்குச் செல்ல நேர்ந்தது கவனிக்கத்தக்கது. ஆஸ்திரேலியாவின் டிம் கேஹில் போன்றோருடன் ஒரே அணியில் ஆடிய அப்பருவத்தில் கோல்களும் அடித்து இவர் தம் தகுதியை நிலைநாட்டினார்; இவர் விட்டு வந்த சென்னை சிட்டியோ அதே பருவத்தில், 2019 மார்ச்சில், ஐ-லீக் பட்டத்தை வென்றது. அந்த ஆண்டு சூன் மாதம் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பைப் போட்டியில், பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சின் கீழ் சூசைராஜ் இந்திய அணிக்கு அறிமுகமானார்.

அதன்பின் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்குச் சென்ற இவரை, ஸ்பானியப் பயிற்சியாளர் அன்டோனியோ ஹபாஸ் புதிய பொறுப்பு ஒன்றில் நிறுத்தினார். மூன்று தடுப்பாளர்களை மட்டும் பின்னால் வைக்கும் அமைப்பில், ஓரக்கோட்டின் முழு நீளத்தையும் ஒருவரே காக்கவும் தாக்கவும் வேண்டியிருக்கும். ‘விங் பேக்’ எனப்படும் இவ்விடத்தில் ஆடுபவர், தாக்கச் செல்லும்போது எதிரணியின் கோல் கம்பம் வரையும், பந்து பறிபோனவுடன் தம் அணியின் கோல் கம்பம் வரையும் தொண்ணூறு நிமிடமும் ஓட வேண்டும். முன்னே சென்று பழகிய ஓர் ஆட்டக்காரருக்குப் பின்னே ஓடிவரும் ஒழுங்கைக் கற்பது எளிதன்று. சூசைராஜ் அதைக் கற்றுக்கொண்டதே அவருடைய ஆட்ட வாழ்வின் மிகச் சிறந்த சாதனை என்று கூறலாம். 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளர் இல்லாத கோவா மைதானத்தில், ஏ.டி.கே. இறுதிப் போட்டியில் 3-1 என்று வென்று மூன்றாம் முறையாகப் பட்டம் பெற்றது. தோற்ற அணி சென்னையின் எஃப்.சி.

அதே ஆண்டு ஏ.டி.கே., பழம்பெரும் மோகன் பகான் கழகத்தோடு இணைந்தது. 2020 நவம்பர் 20 அன்று கேரளா பிளாஸ்டர்சுக்கு எதிரான முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சூசைராஜின் முழங்கால் பிசகியது. அவர் தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டு செல்லப்பட்டார். தொடை எலும்பையும் கணுக்கால் வரை நீளும் பெரிய கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே இறுக்கிப் பிணைத்திருக்கும் ஏ.சி.எல். என்னும் நார் இப்படிக் கிழிந்தால், உடலின் வேறோர் இடத்து நாரை எடுத்து அறுவை மூலம் பொருத்த வேண்டும். வீரர் களம் திரும்பப் பெரும்பாலும் ஒன்பது மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். நேராக ஓடுவதைவிட, ஓடும்போதே சட்டென்று திசை திரும்புவதற்குத்தான் இந்த நார் மிகவும் தேவைப்படுகிறது. சூசைராஜின் ஆட்டமோ திரும்புதலையே நம்பியது. இருபத்தாறு வயதில், இந்திய அணியில் நிலைபெற வேண்டிய காலத்தில் வந்த இந்தக் காயத்துக்குப் பின் அவர் மீண்டும் களம் இறங்கினார், பின்னர் ஒடிசா அணிக்கும் சென்றார். ஆயினும் 2019-இன் பாய்ச்சல் முழுமையாகத் திரும்பவில்லை.

இவரை வளர்த்த சென்னை சிட்டி 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீகில் ஆடவில்லை. தூத்தூரிலும் வள்ளவிளையிலும் தென்காசியின் பள்ளி மைதானங்களிலும் இன்று ஆடும் சிறுவர்கள் தேர்வாளர்களின் கண்ணில் பட வேண்டுமானால், பெரும்பாலும் சென்னையின் லீக் ஆட்டங்களையே நாட வேண்டியுள்ளது. தென்காசியிலிருந்து அது சுமார் 600 கிலோமீட்டர், பொதிகை விரைவு ரயிலில் ஓர் இரவு முழுவதும் நீளும் பயணம்.