ஆர்கேட் ஜாய்ஸ்டிக்: தேர்வும் மாற்றியமைத்தலும்

ஆர்கேட் ஜாய்ஸ்டிக் என்பது நாணயம் இட்டு ஆடும் நிகழ்பட ஆட்டப் பெட்டிகளில் திசை காட்டப் பயன்படும் கைப்பிடிக் கருவி ஆகும். வீட்டுக் கன்சோல்களில் கட்டைவிரலால் அசைக்கப்படும் சிறு குச்சியைப் போலன்றி, இது பலகையில் திருகப்பட்டு, முழுக் கையால் இயக்கப்படுகிறது. 1970களின் இறுதி முதல் 1990களின் நடுப்பகுதி வரை வெளிவந்த ஆர்கேட் ஆட்டங்களில் பெரும்பாலானவை இக்கருவியை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டன. அவற்றை இன்று கணினியிலோ சிறு பலகைக் கணினியிலோ வீட்டில் ஆடலாம். ஆனால் நிரல் ஒரு எழுத்தும் மாறாமல் இருந்தாலும், கையிலுள்ள கருவி பொருந்தாவிட்டால் ஆட்டம் வேறொன்றாகிவிடும். எனவே ஜாய்ஸ்டிக்கைத் தேர்ந்தெடுப்பதும் தேவைக்கேற்ப மாற்றுவதும் பழைய ஆட்டங்களைப் பேணுவதன் ஒரு பகுதியாகவே கருதப்படுகின்றன.

பின்னணி

எல்லா ஆர்கேட் ஆட்டங்களும் ஒரே வகைக் கருவியைக் கொண்டிருக்கவில்லை. நாம்கோ நிறுவனத்தின் பேக்-மேன் (1980), நிண்டெண்டோவின் டாங்கி காங் (1981) ஆகியவை நான்கு திசை ஜாய்ஸ்டிக்கைக் கொண்டவை. கலாகா (1981) இடம், வலம் என்னும் இரு திசைகளை மட்டுமே ஏற்பது. ரோபோட்ரான்: 2084 (1982) என்னும் ஆட்டத்தில் நடப்பதற்கு ஒன்று, சுடுவதற்கு ஒன்று என எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்குகள் இரண்டு உண்டு. கியூபர்ட் (1982) ஆட்டத்தில் நான்கு திசை ஜாய்ஸ்டிக் 45 பாகை சாய்த்துப் பொருத்தப்பட்டது. அதில் அசைவு அனைத்தும் மூலைவாட்டில்தான். காப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) எட்டுத் திசையும் ஆறு பொத்தான்களும் கொண்டது.

மிஸ்ஸைல் கமாண்ட் (1980), சென்டிபீட் (1981) போன்றவை உருளும் பந்தினாலும், டெம்பெஸ்ட் (1981) சுழலும் குமிழினாலும் இயங்கியவை. இவற்றுக்கு எந்த ஜாய்ஸ்டிக்கும் ஈடாகாது.

1997இல் மேம் என்னும் போன்மி மென்பொருள் வெளிவந்தபின், பழைய பெட்டிகளின் மின்சுற்றைக் கணினியே நடித்துக் காட்டும் நிலை உருவானது. அதன் பிறகே ஆர்கேட் தரத்திலான ஜாய்ஸ்டிக்குகளை வீட்டில் பொருத்தும் வழக்கம் பரவியது. மேம் மென்பொருளைப் பயன்படுத்தத் தடையில்லை. ஆட்டங்களின் நிரல்களோ பெரும்பாலும் இன்னும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை.

உள்ளமைப்பு

சாதாரண ஆர்கேட் ஜாய்ஸ்டிக்கில் ஆறு உறுப்புகள் உள்ளன.

1. தண்டு: உலோகத்தால் ஆனது, மேல்முனையில் பிடி திருகப்படும்.
2. பிடி: பந்து வடிவிலோ, மேற்பகுதி பருத்த மட்டை வடிவிலோ இருக்கும்.
3. சுழலச்சு: தண்டு எப்பக்கமும் சாய உதவும் பிளாஸ்டிக் குமிழ்.
4. சுருள்வில்: கையை எடுத்ததும் தண்டை நடுவுக்குக் கொண்டுவரும்.
5. ஆக்சுவேட்டர்: தண்டின் அடியிலுள்ள உருளை, சுவிட்சை அழுத்துவது இதுவே.
6. மைக்ரோசுவிட்சுகள்: திசைக்கு ஒன்றாக நான்கு.

தண்டை மேலே தள்ளினால் அடிப்பகுதி கீழ்ப்பக்கம் நகரும். ஆகவே "மேல்" திசைக்கான சுவிட்ச் ஆடுபவருக்கு நெருக்கமான பக்கத்தில் இருக்கும். புதிதாகக் கம்பி இணைப்போர் அடிக்கடி குழம்பும் இடம் இது.

எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கிலும் சுவிட்சுகள் நான்குதான். மேல் சுவிட்சும் வலச் சுவிட்சும் ஒருசேர அழுந்தினால் அது மேல்-வல மூலைத்திசை எனக் கொள்ளப்படும். பழைய அமெரிக்க ஜாய்ஸ்டிக்குகள் சிலவற்றில் மைக்ரோசுவிட்சுக்குப் பதிலாக இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும் தகட்டுச் சுவிட்ச் இருந்தது. அது "டிக்" என்னும் ஓசை எழுப்பாது.

வரம்புத் தட்டு

தண்டு எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் சாயலாம் என்பதை வரையறுப்பது அடியிலுள்ள வரம்புத் தட்டு. இதன் துளை சதுரமாகவோ எண்கோணமாகவோ வட்டமாகவோ இருக்கும். ஒரே ஜாய்ஸ்டிக் நான்கு திசையாகவும் எட்டுத் திசையாகவும் மாறுவதற்கு இத்தட்டே காரணம். அதை ஒரு கணக்கால் எளிதில் விளக்கலாம்.

ஆக்சுவேட்டர் ஒரு பக்கமாக 4 மி.மீ. நகர்ந்தால் சுவிட்ச் அழுந்தும் எனக் கொள்வோம். வரம்புத் தட்டு ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. நகர விடும் சதுரம் எனில், மூலைக்குத் தள்ளும்போது இரு பக்கமும் 6 மி.மீ. நகர்வு கிடைக்கிறது, இரு சுவிட்சுகளும் உறுதியாக அழுந்தும். 6 மி.மீ. ஆரமுள்ள வட்டம் எனில், மூலைத்திசையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 4.2 மி.மீ. மட்டுமே கிடைக்கும், இரண்டும் அழுந்தும், ஆனால் மயிரிழையில்தான். இனி, முனைகள் மேல், கீழ், இடம், வலம் நோக்கி 6 மி.மீ. தொலைவில் அமையும்படி சதுரத்தை 45 பாகை திருப்பி வைத்தால், மூலைத்திசையில் பக்கத்துக்கு 3 மி.மீ. மட்டுமே நகர முடியும். எந்தச் சுவிட்சும் அழுந்தாது. மூலைத்திசையே இல்லாத நான்கு திசை ஜாய்ஸ்டிக் கிடைத்துவிடுகிறது.

இதன் விளைவு ஆட்டத்தில் உடனே தெரியும். பேக்-மேனில் சந்து முனையில் திரும்பும்போது எட்டுத் திசை ஜாய்ஸ்டிக் சற்றுச் சாய்ந்தாலும் இரு திசைகள் ஒன்றாகச் செல்லும். எதை ஏற்பது என்பது நிரலின் கையில் உள்ளது. ஆடுபவர் நினைத்த திருப்பம் தவறிப்போகலாம், பின்னால் வரும் பேய் பிடித்துவிடலாம். மறுபுறம், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட்டத்தின் தீப்பந்து வீச்சுக்குக் கீழ், கீழ்-முன் மூலை, முன் என்று தொடர்ந்து தள்ளிக் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். நான்கு திசைத் தட்டில் அந்த நடு நிலை கிடைக்காது. திறமைக் குறைவு என்று ஆடுபவர் எண்ணுவது பல நேரங்களில் தட்டின் பொருத்தமின்மையே.

முக்கிய வகைகள்

ஜப்பானிய வகை: சன்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப், செய்மிட்சுவின் எல்எஸ்-32 ஆகியவை பெயர்பெற்றவை. பந்துப் பிடி, மென்மையான சுருள்வில், சதுரத் தட்டு ஆகியவை இவ்வகையின் இயல்புகள். விரல்களாலேயே இயக்கலாம். ஜேஎல்எஃப் சற்றுத் தளர்வாகவும், எல்எஸ்-32 அதைவிட இறுக்கமாகவும் இருக்கும். சண்டை ஆட்டம் ஆடுவோர் பலர் முன்னதையும், விண்கலச் சுடும் ஆட்டம் ஆடுவோர் பலர் பின்னதையும் விரும்புகின்றனர்.

அமெரிக்க வகை: ஹேப் நிறுவனத்தின் காம்பெடிஷன் போன்றவை. மட்டைப் பிடி, கடினமான சுருள்வில், தடித்த மரப்பலகைக்கு ஏற்ற உடல். மணிக்கட்டின் வலிமை தேவை. முரட்டுப் பயன்பாட்டைத் தாங்கும். ஸ்பெயினின் இண்டஸ்ட்ரியாஸ் லொரென்சோ தயாரிப்புகளும் இந்த மரபைச் சேர்ந்தவை.

கொரிய வகை: சுருள்வில்லுக்குப் பதிலாக ரப்பர் வளையம் தண்டை நடுவுக்கு இழுக்கும். வட்ட வரம்பு கொண்டது. விட்டவுடன் விரைந்து நடுவுக்குத் திரும்புவதால் டெக்கன் ஆடுவோர் இதை நாடுகின்றனர்.

தேர்ந்தெடுக்கும் முறை

வாங்குவதற்கு முன் பின்வருவனவற்றைக் கருத வேண்டும்.

ஆட்டம்: மிகுதியாக ஆடுவது எது என்று பட்டியலிட வேண்டும். 1980களின் தொடக்கத்துச் சந்து ஆட்டங்கள் என்றால் நான்கு திசை. பிற்காலச் சண்டை ஆட்டங்கள் என்றால் எட்டுத் திசை. இரண்டும் வேண்டுமெனில் தட்டை மாற்றக்கூடிய ஜாய்ஸ்டிக் நல்லது. மேம் மென்பொருளில் எட்டுத் திசைக் கருவியை நான்கு திசையாகப் பாவிக்கும் அமைப்பும் உண்டு. தட்டை மாற்ற இயலாதவர்களுக்கு அது கைகொடுக்கும்.

கை: சிறுவர்கள், முதியோர், மணிக்கட்டு வலி உள்ளோர் ஆகியோருக்கு மென்மையான சுருள்வில் கொண்ட ஜப்பானிய வகை ஏற்றது.

பலகை: ஜப்பானிய உறுப்புகள் மெல்லிய உலோக அல்லது அக்ரிலிக் பலகைக்காக வடிவமைக்கப்பட்டவை. தடித்த மரப்பலகையில் பொருத்தினால் தண்டு குட்டையாகிவிடும். அடியில் மரத்தைக் குடைந்து மெலிதாக்க வேண்டியிருக்கும்.

மாற்று உறுப்புகள்: சுருள்வில், சுவிட்ச், தட்டு ஆகியவை தனித்தனியே விற்கப்படும் ஜாய்ஸ்டிக் பல ஆண்டுகள் உழைக்கும். ஒரு சுவிட்ச் பழுதானதற்காக முழுக் கருவியையும் எறிய வேண்டியதில்லை. முழுதாகக் கட்டிய பெட்டி வாங்குவோர், அதனுள் சன்வா அளவிலான உறுப்புகள் பொருந்துமா என்று பார்த்து வாங்குவது நன்று. மேஃப்ளாஷ் எஃப்300 போன்ற மலிவான பெட்டிகள் இதற்காகவே விரும்பப்படுகின்றன.

மாற்றியமைத்தல்

சன்வா ஜேஎல்எஃப் எளிதில் பிரிக்கத்தக்கது என்பதால் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. முதலில் யூஎஸ்பி கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். சிறு உறுப்புகள் உருண்டோடாமல் இருக்க ஒரு தட்டில் வேலை செய்வது நல்லது.

1. தண்டின் அடிமுனையில் உள்ள பிளவில் தட்டை முனைத் திருப்புளியை வைத்து அசையாமல் பிடித்து, பந்தை இடஞ்சுழியாகத் திருகிக் கழற்ற வேண்டும்.
2. அடியிலுள்ள வரம்புத் தட்டின் நான்கு கொக்கிகளையும் மெல்ல விலக்கித் தட்டை எடுக்க வேண்டும். சுவிட்சுகள் உள்ள மின்சுற்றுப் பலகையும் உடன் வெளிவரும்.
3. ஆக்சுவேட்டரைச் சுருள்வில்லுக்கு எதிராக அழுத்திக்கொண்டு, அதன் முனையிலுள்ள ஈ வடிவ வளையத்தைத் திருப்புளியால் தள்ளி எடுக்க வேண்டும். இது தெறித்து ஓடக்கூடியது. மேலே ஒரு விரலை வைத்துக்கொள்ள வேண்டும்.
4. ஆக்சுவேட்டர், சுருள்வில், சுழலச்சு ஆகியவற்றை வந்த வரிசையிலேயே அடுக்கி வைக்க வேண்டும். மீண்டும் பூட்டும்போது வரிசை தலைகீழாகும்.

தட்டு மாற்றம்: ஜேஎல்எஃப்புடன் வரும் தட்டை நான்கு திசைக்கும் எட்டுத் திசைக்கும் மாற்றி வைக்கலாம். எட்டு மூலைகளையும் கையால் உணர விரும்புவோர் எண்கோணத் தட்டை வாங்கலாம்.

சுருள்வில் மாற்றம்: கடினமான வில் இட்டால் தண்டு நடுவுக்கு விரைந்து திரும்பும், கை விரைவில் களைக்கும்.

பெரிய ஆக்சுவேட்டர்: விட்டம் சற்றுக் கூடினால் சுவிட்ச் முன்னதாகவே அழுந்தும், தண்டு சாயும் தூரமும் குறையும். தண்டை லேசாகத் தொட்டாலே அசையும் அளவுக்குப் போய்விடக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, சில நாட்கள் ஆடிப் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். மூன்றையும் ஒருசேர மாற்றினால் நன்மை எதனால், தீமை எதனால் என்று பிரித்தறிய முடியாது.

பொத்தான்களும் மின்னிணைப்பும்

சன்வாவின் ஓபிஎஸ்எஃப்-30 பொத்தான் 30 மி.மீ. துளைக்கும், ஓபிஎஸ்எஃப்-24 பொத்தான் 24 மி.மீ. துளைக்கும் உரியவை. இவை மெல்லிய பலகையில் அழுத்திப் பூட்டுபவை. அமெரிக்கப் பொத்தான்களுக்குத் துளை ஏறத்தாழ 28 மி.மீ.; நீண்ட மரை இருப்பதால் மரப்பலகைக்கு ஏற்றவை.

ஜாய்ஸ்டிக்கைக் கணினியுடன் இணைப்பது என்கோடர் எனப்படும் சிறு மின்சுற்றுப் பலகை. ஜேஎல்எஃப்பில் ஐந்து முனைகள் உள்ளன: நான்கு திசைகளுக்கு நான்கு, பொதுவான கிரவுண்ட் ஒன்று. தனி மைக்ரோசுவிட்சில் மூன்று முனைகள் இருந்தால், பொது முனையையும் "வழக்கமாகத் திறந்திருக்கும்" முனையையும் மட்டுமே இணைக்க வேண்டும். மூன்றாவது முனையில் இணைத்தால், அழுத்தாதபோது அழுத்தியதாகவும் அழுத்தும்போது விட்டதாகவும் கணினி எண்ணும்.

2021இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையில் ஜிபி2040-சிஇ என்னும் திறந்த மூல மென்பொருளை ஏற்றி, குறைந்த செலவில் நல்ல என்கோடர் செய்துகொள்ளலாம். பிக்கோவின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. ஒளிரும் பொத்தான்களின் 5 அல்லது 12 வோல்ட் விளக்குக் கம்பிகளை அவற்றில் இணைத்தால் பலகை கெட்டுவிடும்.

ஆட்டம் நொடிக்கு 60 படங்கள் காட்டுமெனில், ஒரு படத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. கை அசைவு திரைக்கு வரச் சில படங்கள் தாமதமானாலே தாவல் தவறும். இத்தாமதத்துக்கு ஜாய்ஸ்டிக்கைக் குறை கூறுமுன் தொலைக்காட்சியின் "கேம் மோடு" இயக்கத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பல வேளைகளில் பெரிய தாமதம் திரையில்தான் இருக்கும்.

பராமரிப்பு

தண்டு கரகரத்தால் சுழலச்சைத் துடைத்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸைச் சிறிதளவு தடவ வேண்டும். சுவிட்சுகளுக்குள் எண்ணெயோ கிரீஸோ புகக் கூடாது. ஒரு திசை மட்டும் சில நேரம் வேலை செய்யாவிட்டால், கம்பி முனை தளர்ந்துள்ளதா என்று முதலில் பார்த்து, அதன் பிறகே சுவிட்சை மாற்ற வேண்டும்.

மூலப் பெட்டி வைத்திருப்போர் இருமடங்கு கவனம் கொள்ள வேண்டும். புதிய ஆட்டங்களுக்காகப் பல பழைய பெட்டிகளின் பலகைகள் துளையிடப்பட்டுவிட்டன. இட்ட துளையை மீண்டும் மறைப்பது அரிது. புதிய ஜாய்ஸ்டிக் வேண்டுமெனில் தனிப் பலகை செய்து அதில் பொருத்தி, மூலப் பலகையையும் மூல உறுப்புகளையும் பத்திரப்படுத்துவதே முறை. அப்பெட்டிகளிலுள்ள படக்குழாய்த் திரையில், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். பயிற்சியில்லாதவர்கள் திரையின் பின்புறத்தைத் தொடக் கூடாது.