ஒரே உடம்பு... அஞ்சு பாட்டு! வெட்டுக்கிளியை அடையாளம் காட்டும் ராத்திரி ஓசை

ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போகும் விவசாயிகளுக்கு அந்தச் சத்தம் பழக்கமானதுதான். வரப்புப் புல்லிலும் வேலியோரப் புதரிலும் 'கிர்ர்ர்... கிர்ர்ர்' என்று விடாமல் கேட்கும். பக்கத்தில் போனால் சட்டென்று நின்றுவிடும். எல்லாம் சில்வண்டு என்று நினைத்துவிடுகிறோம். அதில் நீளக்கொம்பு வெட்டுக்கிளிகளின் பாட்டும் உண்டு.

பாடுவது பெரும்பாலும் ஆண்தான். அதன் இடது முன் இறக்கையின் அடியில் அரம் போல வரிசையாகப் பற்கள் இருக்கும். வலது இறக்கையின் விளிம்பு அதில் உரசும்போது ஓசை பிறக்கிறது. இந்தப் பூச்சிகளுக்குக் காது இருப்பது முன்னங்காலில், முட்டிக்குச் சற்றுக் கீழே! பெண் தன் இனத்துப் பாட்டைக் கண்டுகொண்டு ஆணைத் தேடிப்போகும். ஆக, பாட்டுதான் அதன் சாதிச் சான்றிதழ்.

ரயில்... ஹெலிகாப்டர்!

தென்னிந்தியாவில் 'மெகோபோடா' என்ற வெட்டுக்கிளி இருக்கிறது. பார்க்க இலை போலவே இருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் விவேக் நித்யானந்தா, ரோகிணி பாலகிருஷ்ணன் இருவரும் இதன் பாட்டுகளை ஆராய்ந்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத பூச்சிகளிடம் 5 விதமான பாட்டுகள் இருந்தன. ஒன்றுக்கு 'ரயில்', இன்னொன்றுக்கு 'ஹெலிகாப்டர்' என்றே பெயர் வைத்தார்கள்!

பிரிப்பது எப்படி?

முதலில் பாட்டைப் பதிவு செய்து, ஒரு நொடிக்கு எத்தனை ஒலித்துடிப்பு, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளக்கிறார்கள். குளிர் கூடினால் தாளம் மெதுவாகிவிடும் என்பதால், வெப்பநிலையையும் குறித்துக்கொள்வார்கள். பிறகு உடம்பைப் பார்க்கிறார்கள். இறக்கை அரத்தில் உள்ள பற்கள், ஆணின் வால்முனைக் கொடுக்குகளின் வடிவம், பெண்ணின் வாள் போன்ற முட்டையிடும் உறுப்பின் நீளம் எல்லாம் கணக்கில் வரும். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. ஒரே இனத்தில் பச்சையும் இருக்கும், பழுப்பும் இருக்கும்.

பாட்டும் உடம்பும் கொஞ்சம் மாறியிருந்தும், இரண்டு கூட்டமும் சந்திக்கும் இடத்தில் கலந்து இனப்பெருக்கம் செய்தால் அவை துணையினங்கள். பக்கத்திலேயே வாழ்ந்தும் கலக்காவிட்டால் தனித்தனி இனங்கள்.

மருந்தடிக்கும் முன்...

விவசாயிக்கு இதில் என்ன லாபம்? நெல் வயலில் இருக்கும் வெட்டுக்கிளி எல்லாமே எதிரி இல்லை. கொம்பு உடம்பைவிடக் குட்டையாக இருந்தால், அது இலையைக் கடித்துத் தின்னும் வகை. நூல் போன்ற கொம்பு உடம்பைவிட நீளமாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அதில் 'கொனோசெபாலஸ்' வகை, இலையைக் கொஞ்சம் கொறித்தாலும், குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியலையும் கதிர்நாவாய்ப்பூச்சியின் முட்டைகளையும் தின்னும். புகையான் குஞ்சுகளையும் பிடிக்கும்.

பார்த்த உடனே மருந்தடித்தால், காசு கொடுத்துக் காவல்காரனைக் கொன்ற கதையாகிவிடும். டேங்கில் மருந்து ஊற்றும் முன், ஒன்றைப் பிடித்துக் கொம்பைப் பாருங்கள். ராத்திரி வரப்பில் ஐந்து நிமிடம் நின்று பாட்டையும் கேளுங்கள்!