பரிசோதித்த எழுத்து: சட்டம் பயிலத் தொடங்குவோர்க்கு

டத்தோ கிராமாட் வட்டாரத்திலிருந்து லைட் தெருவின் உயர்நீதிமன்றம் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. 1807-ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் நீதிமன்றம் பெற்ற ஊர் பினாங்கு. இங்கிருந்து சட்டம் பயிலச் செல்லும் தமிழ் இளையோர் பலர், பள்ளியில் நல்ல கட்டுரையாளர் எனப் பெயர் பெற்றவர்கள். சட்டத்துறையில் அவர்கள் எழுதும் முதல் தாளோ சிவப்பு மைக் குறிகளுடன் திரும்பி வருகிறது. அதனை இழிவெனக் கருதி ஒதுங்குவோரும் உளர். எழுத்தைத் திருத்தக் கொடுப்பது சட்டக் கல்விக்குப் புறம்பானதன்று. அதன் உட்பகுதியே என்பதை இங்கு விளக்க முயல்கிறோம்.

எழுதியவர் தம் தொடரை மீண்டும் படிக்கும்போது தாம் கருதிய பொருளையே காண்கிறார். பிறிதொரு பொருள் அத்தொடரில் ஒளிந்திருப்பது அவர் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஓர் உயிலில், ‘என் நிலத்தில் பாதி மகனுக்கும் மகளுக்கும் சேரும்’ என்றிருப்பதாகக் கொள்வோம். ஆளுக்குப் பாதி எனின் நிலம் முழுவதும் பங்கிடப்பட்டது. இருவர்க்கும் சேர்த்துப் பாதி எனின் ஆளுக்குக் காற்பங்கு. எஞ்சிய பாதிக்கு உரியவர் யார் என்பது வழக்காகும். எண்ணும்மை இரண்டிற்கும் இடந்தருகிறது.

‘கையொப்பமிட்ட வணிகரின் மகன்’ என்பதும் அத்தகையதே. பெயரெச்சம் ‘வணிகர்’ என்பதையும் தழுவும், ‘மகன்’ என்பதையும் தழுவும். பேச்சில் இடைநிறுத்தம் பொருளை வரையறுக்கும். எழுத்தில் அத்துணை இல்லை. மாணவர் மலாயில் எழுதினும் இச்சிக்கல் தொடரும். ‘லெலாக்கி டான் பெரெம்புவான் துவா’ என்பதில் முதுமை பெண்ணுக்கு மட்டுமா, இருவர்க்குமா? இவ்வையத்தை எழுப்பக்கூடியவர், எழுதியவரின் மனத்தை அறியாத இன்னொருவரே.

நம் மரபு இதனை நன்கறியும். நூற்குற்றம் பத்தனுள் ‘மயங்க வைத்தலை’ நன்னூல் சேர்த்துள்ளது. நூலை அவையோர் முன் வைத்துத் தடைகளுக்கு விடை கூறுவதே அரங்கேற்றம். பதிப்புத்துறையில் இப்பணிக்குப் ‘பரிசோதித்தல்’ என்று பெயர். 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையம் ஆறுமுக நாவலர் பரிசோதிக்கச் சி. வை. தாமோதரம் பிள்ளையால் பதிப்பிக்கப்பட்டது. பிள்ளை அவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். எனினும் பிறர் பரிசோதனையைத் தாழ்வாகக் கருதவில்லை. 1871-இல் அவர் சட்டப் பட்டம் பெற்றார். பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாக அமர்ந்தார். ஏட்டுச் சுவடியில் ஓர் எழுத்தின் வேறுபாட்டை ஆராய்வதற்கும், சாசனத்தில் ஒரு சொல்லின் எல்லையை ஆராய்வதற்கும் வேண்டிய பயிற்சி ஒன்றே.

திருத்துவோர் கூறுவன யாவும் சரியென்பதன்று. எழுத்துப்பிழையைச் சுட்டும் குறியை அப்படியே ஏற்கலாம். தொடரை மாற்றும் குறியைக் கண்டால், ‘இம்மாற்றம் எந்தப் பொருளை விலக்குகிறது?’ என வினவுதல் வேண்டும். நாம் கருதிய பொருளே விலக்கப்படின் திருத்தத்தை மறுக்கலாம். ஆயினும் முன்னைய தொடரையே மீண்டும் வைத்தல் ஆகாது. ஒருவரை மயக்கிய தொடர் நீதிபதியையும் மயக்கும். ஆதலின் மூன்றாவதாக ஒரு தொடரை அமைத்தலே முறை.

கல்லூரியில் மயங்கிய தொடருக்கு மதிப்பெண் குறையும். நீதிமன்றத்தில் அதற்குரிய விலையை, அதனை எழுதாத ஒரு குடும்பம் வீட்டையோ நிலத்தையோ இழந்து செலுத்த நேரும். சிவப்பு மை அவ்விழப்பை முன்னரே தடுக்கும் காவல்.