அகலத் திரை வாங்கப் போகிறீர்களா?

ஓலைச் சுவடியை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது புத்தகம் போல் நிமிர்ந்து நிற்பதல்ல, படுத்துக் கிடப்பது. நீளம் ஒரு முழத்தைக்கூட எட்டும். அகலமோ இரண்டு மூன்று விரற்கடைதான். இரண்டாம் சரபோஜி மன்னர் போற்றி வளர்த்த தஞ்சாவூர் சரசுவதி மகால் நூல்நிலையத்தில் அத்தகைய ஏடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுள் ஒன்றின் படத்தைப் பழைய சதுரத் திரையில் போட்டால் மேலும் கீழும் வெற்றிடம். நடுவே எறும்பு ஊர்ந்தாற்போல் எழுத்து. அகலத் திரையிலோ அதே எழுத்து கண்ணுக்குப் பிடிபடுகிறது. அகலத் திரை தஞ்சைத் தரணிக்குப் புதிய சங்கதி அல்ல!

ஆனால் இன்று திரையைப் பற்றிப் பேச நேர்ந்ததற்குக் காரணம் வேறு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட கம்ப்யூட்டர்களை எடைக்குப் போடவேண்டியதில்லை. காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் அவற்றில் நன்றாகவே ஓடும். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் அந்நியமும் அல்ல. எல்காட் நிறுவனம் 2007-ம் ஆண்டை ஒட்டியே அதைக் கையாளத் தொடங்கியது. 2011-ல் ஆரம்பித்த அரசாங்க இலவச லாப்டாப்புகளில், விண்டோஸுடன் ஸிடாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் குடியிருந்தது. பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

மன்னார்குடிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரும் டி.டி.பி. சென்டர்க்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் பத்து வருஷத்துப் பழசு. பின்புறம் இருப்பது பழைய வி.ஜி.ஏ. துவாரம் மட்டும். லினக்ஸைப் போட்டாயிற்று. ஆசையாக அகலத் திரை ஒன்று வாங்கி வருகிறார். அதில் இருப்பதோ எச்.டி.எம்.ஐ. துவாரம். மலிவாக ஓர் இணைப்பான் வாங்கி மாட்டுகிறார். படம் வருகிறது, ஆனால் மாப்பிள்ளை மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிப் பருத்துத் தெரிகிறார்! “லினக்ஸுக்கு இந்தத் திரை ஒத்துவராது” என்று யாரோ சொல்ல, மறுபடியும் ஆயிரக்கணக்கில் செலவு.

உண்மையில் திரைக்கு லினக்ஸும் தெரியாது, விண்டோஸும் தெரியாது. ஒவ்வொரு திரைக்குள்ளும் சிறு ஜாதகம் ஒன்று பதிந்திருக்கிறது. இ.டி.ஐ.டி. என்று அதற்குப் பெயர். அடிப்படை அளவு 128 பைட்தான். ‘என் பெயர் இது, நீள அகலம் இவ்வளவு, குறுக்கே இத்தனை புள்ளி, நெடுக்கே இத்தனை புள்ளி’ என்று கம்பி வழியே அது தெரிவிக்கிறது. கிராபிக்ஸ் சிப்பு அதைப் படித்துப் படத்தை அனுப்புகிறது. நடுவில் இருக்கும் தரகர், அதாவது அந்த மலிவு இணைப்பான், ஜாதகத்தைத் தொலைத்துவிட்டால் லினக்ஸ் பத்திரமாக 1024-க்கு 768 என்ற பழைய அளவுக்குப் போய்விடுவது வழக்கம். அதைத்தான் திரை இழுத்துப் பரப்புகிறது.

ஆகவே திரை வாங்குமுன் பார்க்கவேண்டியது கம்ப்யூட்டரின் முதுகை. வி.ஜி.ஏ. மட்டும் இருந்தால், வி.ஜி.ஏ. துவாரமும் உள்ள திரையாகத் தேடி வாங்குவது உத்தமம், இன்னும் கிடைக்கின்றன. எச்.டி.எம்.ஐ. இருந்தால் 1920-க்கு 1080 என்ற சாதாரண அகலத் திரைக்குக் கவலையே இல்லை. 4கே ஆசை உள்ளவர்கள்தான் யோசிக்கவேண்டும். பழைய எச்.டி.எம்.ஐ. அதை விநாடிக்கு 30 தடவைதான் காட்டும். எலியை நகர்த்தினால் அம்புக்குறி பின்தங்கி வரும். டிஸ்பிளே போர்ட் துவாரம் இருந்தால் அதுவே மேல். புதிய எச்.டி.எம்.ஐ. 2.1-ன் முழுச் சக்தியை ஏ.எம்.டி. கம்பெனியின் திறந்த டிரைவரில் சேர்ப்பதற்கு, அந்தத் தரத்தை வகுக்கும் அமைப்பு 2024-ல் அனுமதி மறுத்தது நினைவிருக்கலாம்.

பழைய திரையை இரண்டாங்கையாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. 1366-க்கு 768 என்ற அளவு மலிவுத் திரைகளில் சகஜம். 1366 எட்டால் வகுபடாத எண். ஜாதகத்தின் ஒரு பகுதியில் எட்டின் மடங்கைத்தான் எழுத முடியும். அதனால் சில வேளை 1360 என்று கணக்காகி எழுத்து மசங்கிவிடும்.

தமிழ் எழுத்தோடு பழகுகிறவர்கள் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதையும் கவனிக்கவேண்டும். 1920-க்கு 1080 என்பதை 24 அங்குலத் திரையில் பரப்பினால் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி. அதையே 27 அங்குலத்தில் பரப்பினால் 82-தான். சிறிய எழுத்தில் ‘ண’வின் சுழியும் ‘ன’வின் சுழியும் ஒன்றோடொன்று குழம்பும். பிழை திருத்துகிறவர் பாடு திண்டாட்டம். 27 அங்குலம்தான் வேண்டுமென்றால் 2560-க்கு 1440 வாங்கலாம்; 109 புள்ளி கிடைக்கும். 4கே-யில் 163 கிடைக்கும். ஆனால் எழுத்தை ஒன்றரை மடங்கு பெருக்கியாகவேண்டும். லினக்ஸில் சில பழைய புரோகிராம்கள் அப்போது மங்கலாகத் தெரியும். 34 அங்குலத்தில் 3440-க்கு 1440 என்று மிக அகலமான திரைகளும் உண்டு. ஓலைச் சுவடிப் படத்தை மேலே வைத்துக் கீழே பெயர்த்தெழுதுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். பத்திரிகை அடிக்கிறவருக்கு வீண் செலவு.

விதைநெல்லை முளைகட்டிப் பார்க்காமல் நாற்றங்காலில் தெளிக்கிறவர் உண்டா? திரை விஷயத்திலும் கூச்சப்படாமல் கம்ப்யூட்டர் பெட்டியையே கடைக்குத் தூக்கிச் செல்லலாம். கடைக்காரருடைய கம்ப்யூட்டரில் நன்றாகத் தெரிவது நம்முடையதற்குச் சாட்சி ஆகாது. வீட்டில் பயன்படுத்தப்போகிற அதே கம்பியை மாட்டி, வட்டம் ஒன்று வரைந்து அது வட்டமாகவே தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். அதன் பக்கத்தில் சின்ன அளவில் ‘கண்ணன்’ என்று அடித்து, ஒரு கை தூரத்திலிருந்து படித்துப் பார்த்த பிறகு பணத்தை எண்ணலாம்.